ராவுத்தர் கடைக் கிலோ

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இளம் முத்திரை ஆய்வாளர். தளவாட அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய இரும்பு எடைக்கல் கிடைத்ததாம். "சார், கல்லுக்கு அடியில ஒரு குழி இருக்கு. உள்ள என்னமோ அடைச்சு வச்சிருக்கு. அது எதுக்கு சார்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "தம்பி, நான் தேனியில் பார்த்த பதினாலு வருஷ வேலை அந்தக் குழிக்குள்ளதான் இருக்கு" என்றேன். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து, "அப்ப நம்ம ஊழியர் சங்க மலருக்கு ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க சார், ரெண்டு பக்கம் போதும்" என்றார். ரெண்டு பக்கத்தில் அடங்காது. மலர்க்குழு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும். சிக்கந்தர் ராவுத்தரை மட்டும் வெட்டக் கூடாது. அவர் கடையை மூடிவிட்டு ஊரைப் பார்த்துப் போகும் நிலைக்கு வந்ததற்கு நான்தான் காரணம்.

நான் ஆய்வாளர் இல்லை. ஆய்வாளருக்குப் பின்னால் மரப்பெட்டி தூக்கிக்கொண்டு போகிறவன். தாளில் என் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. தேனிக் கடைக்காரர்கள் என்னை 'ஈயம் சார்' என்பார்கள். கடைகளில் இருக்கும் எடைக்கல் நாளாக நாளாகத் தேயும். அதற்காகக் கல்லின் அடியில் ஒரு குழி வைத்திருப்பார்கள். தராசின் ஒரு தட்டில் எங்கள் பெட்டியில் இருக்கும் பித்தளை மாதிரிக் கல்லை வைப்போம். மறுதட்டில் கடைக்காரரின் இரும்புக் கல்லை வைப்போம். இரும்புக் கல் குறைந்தால் குழியில் ஈயம் காய்ச்சி ஊற்றுவேன். கூடினால் சுரண்டி எடுப்பேன். முள் நேராக நின்றதும் ஈயத்தின் மேல் முத்திரை அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி அடிப்பேன். அதற்குப் பிறகு அந்தக் கல் சொல்வதுதான் கிலோ.

இதற்கு மதுரையில் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். முதல் வாரம் பயிற்சி கொடுப்பவர் வரவில்லை. இரண்டாவது வாரம் ஈயம் வரவில்லை. கடைசி நாள் இரண்டும் வந்தன, கையைச் சுட்டுக்கொண்டு சான்றிதழ் வாங்கினேன். தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த சமயத்தில் என்னை இங்கே அனுப்பினார்கள்.

எங்கள் ஆய்வாளர் சதாசிவம் சார் விதிப் புத்தகத்தைப் பாலிதீன் உறையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேதான் நடப்பார். எதைக் கேட்டாலும் ஆகும் என்றும் சொல்ல மாட்டார், ஆகாது என்றும் சொல்ல மாட்டார். "விதிப்படி பார்க்கலாம்" என்பார். லீவு கேட்டாலும் அதுதான், டீ வேண்டுமா என்று கேட்டாலும் அதுதான். வாயில் விதி, மூக்கில் மூக்குப்பொடி. மூடியில் தாமரைப்பூ செதுக்கிய ஒரு குட்டிப் பித்தளை டப்பா வைத்திருந்தார். அதில் பொடி குறைய விடவே மாட்டார். காலையில் வந்ததும் நிரப்புவார், மத்தியானம் மறுபடி நிரப்புவார்.

அவர் பொடி போடும் முறையையும் சொல்ல வேண்டும். மூடியில் மூன்று தட்டு. திறந்து ஒரு சிட்டிகை. மூடி, டப்பாவைக் கீழே வைப்பார். பிறகு இடது மூக்கு, வலது மூக்கு, கைக்குட்டை. கைக்குட்டைக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் டப்பாவை எதிரில் எந்த இடம் சமமாகத் தெரிகிறதோ அங்கே வைத்துவிடுவார். கோப்பு, மை அட்டை, நாற்காலிக் கை எல்லாம் அந்த டப்பாவைச் சுமந்திருக்கின்றன. ஒரு தடவை மனு கொடுக்க வந்தவர் நீட்டிய உள்ளங்கையிலேயே வைத்துவிட்டார். அந்த ஆள் கோயில் பிரசாதம் வாங்கியவர் மாதிரி அசையாமல் நின்றார். திரும்பி எடுக்கும்போது சார் எதையும் பார்க்க மாட்டார், கை தானாகப் போய் எடுத்துக்கொள்ளும்.

ரத்தினம் நகர் தேனிக்கு வெளியே போடி ரோட்டை ஒட்டி இருக்கிறது. தக்காளி போட்ட நிலத்தில் கல் ஊன்றி மனை போட்டு, வாத்தியார்களும் கண்டக்டர்களும் மேகமலை எஸ்டேட்டில் கணக்கு எழுதி இறங்கி வந்தவர்களும் வீடு கட்டிக் குடியேறிய இடம். நானும் அங்கேதான் வாடகைக்கு இருந்தேன். நகர் என்று பெயர் வைத்தார்களே தவிர, தண்ணீர்க் குழாய் வருவதற்கு முன்னால் மளிகைக் கடைகள்தான் வந்தன. எங்கள் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு கடைகள். ஒன்று உத்தமபாளையத்திலிருந்து வந்த சிக்கந்தர் ராவுத்தருடையது. இன்னொன்று ஞானவேலுடையது. ஞானவேல் கடையில் கண்ணாடி அலமாரி, கலர் பல்பு, பெரிய போர்டு எல்லாம் உண்டு. ராவுத்தர் கடையில் சாக்கும் தராசும் அவரும் மட்டும்தான்.

ராவுத்தர் எடை போடுவது பார்க்க வேண்டிய காட்சி. பருப்பைத் தட்டில் கொட்டியதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். முள் ஆடி அடங்கும்வரை மூச்சுக்கூட விட மாட்டாரோ என்று தோன்றும். அந்த நேரத்தில் யாராவது ஊர்க்கதை பேசினால், "முள்ளப் பாருங்கம்மா, என்னயப் பாக்காதீங்க" என்பார். தட்டின் அடியில் புளி ஒட்டுகிறவர்களையும், கட்டை விரலையே கறியாக்கி விற்கிற கோழிக்கடைக்காரர்களையும் பிடித்துப் பிடித்து அலுத்துப்போன எனக்கு, அந்த மனிதரைப் பார்த்தாலே ஒரு நிம்மதி.

ஒரு வருஷம் ரத்தினம் நகர் ரேஷன் கடை வராண்டாவில் முத்திரை முகாம் போட்டோம். கடைக்காரர்கள் கல்லைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள். நான் ஒரு பக்கம் அடுப்பை ஊதி ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சதாசிவம் சார் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சீக்கிரம், சீக்கிரம், விதிப்படி சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டிருந்தார். ராவுத்தரின் இரண்டு கிலோ கல் சரியாக நின்றது. ஒரு கிலோ கல்லில் பழைய ஈயம் கழன்று விழுந்திருந்தது. நான் ஊற்றினேன், நிறுத்தேன், போதவில்லை. இன்னும் ஊற்றினேன். புகையில் கண் எரிந்தது. குனிந்தபடி முள்ளை மட்டும் பார்த்தேன். நேராக நின்றதும் அடித்தேன் முத்திரை.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கல் மறுமுத்திரைக்கு வந்தது. விதிப்படி மறுபடியும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சதாசிவம் சார் பழைய முத்திரையைப் பார்த்துவிட்டு, "நாம அடிச்சதுதானே? மேலேயே போடு" என்றார். நான் மேலேயே போட்டேன். அன்றைக்கு அந்த முகாமில் அப்படி மேலேயே போட்ட கற்களை இப்போது எண்ணிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இதற்குள் ரத்தினம் நகரில் ஒரு பழக்கம் வந்திருந்தது. ராவுத்தர் கடையில் யாரும் எதையும் இரண்டு கிலோவாக வாங்க மாட்டார்கள். எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருந்த பேச்சியம்மாவுக்குத் தினமும் ஐந்து கிலோ அரிசி வேண்டும். "பாயி, ஒண்ணு ஒண்ணா போடுங்க" என்று ஐந்து தடவை போடச் சொல்வாள். ஒரு கல்யாண வீட்டார் இருபத்தைந்து கிலோ அரிசியை ஒவ்வொரு கிலோவாக வாங்கியதைப் பார்த்தேன். பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுக்கக்கூட இல்லை. என் வீட்டுக்காரி சாந்தியும் என்னைக் கடைக்கு அனுப்பும்போது, "சீனி ரெண்டு கிலோ, ஒரு கிலோ ஒரு கிலோவா" என்றுதான் சொல்வாள். "ஏன்?" என்று ஒரு நாள் கேட்டேன். "அப்படித்தான் வாங்கணும்" என்றாள். எடையளவுத் துறையில் சம்பளம் வாங்குகிற நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

கேட்டவர் ஞானவேல்தான். தன் கடையில் கலர் பல்பு எரிந்தும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எரிச்சலில், எதிர்க்கடையில் எடைக்கல்லில் முறைகேடு நடக்கிறது என்று எங்கள் அலுவலகத்துக்கு மனு போட்டார். மாதக் கடைசி. அந்த மாதம் காட்ட வேண்டிய வழக்கு எண்ணிக்கையில் சதாசிவம் சாருக்கு ஒன்று குறைந்தது. மனுவைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நாகராஜா, பெட்டியை எடு" என்றார்.

ராவுத்தர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வாடிக்கைக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஞானவேல் தன் கடைப் படியில் இறங்கி நின்று கையைக் கட்டிக்கொண்டார். நான் தராசைத் தூக்கிப் பிடித்தேன். சார் ஒரு தட்டில் மாதிரிக் கல்லையும் மறுதட்டில் ராவுத்தர் கல்லையும் வைத்தார். ராவுத்தர் கல் வைத்த தட்டு கீழே இறங்கியது.

சதாசிவம் சார் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். இருபது வருஷ அனுபவத்தில் அவர் பார்த்ததெல்லாம் குறைந்த கல்தான். "என்னய்யா இது, கூட நிக்குது!"

"ஆமா சார். கனமான கல்லுதான்" என்றார் ராவுத்தர்.

"தெரியுமா உமக்கு?"

"கையில தூக்குனாலே தெரியுமே சார். மொத மாசமே ஞானவேலு கடக் கல்லோட சேத்து வச்சுப் பாத்தேன். அவரு கல்லு ஏறி நின்னுச்சு. சரி, அவரு கல்லுதான் தேஞ்சு கெடக்கு, நம்ம எதுக்குச் சொல்லி வம்பு வளக்கணும்னு இருந்துட்டேன்."

"உம்ம ரெண்டு கிலோ கல்லு?"

"அதுவும் பழசு சார், தேஞ்சிருக்கும். ஒரு கிலோவுலதான புது ஈயம் ஊத்துனாக. சர்க்காரே முத்திர குத்திக் குடுத்த கல்லு தப்பா இருக்குமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராவுத்தர் சிரிக்கவில்லை, அவர் உண்மையாகவே கேட்டார். சாரின் கை சட்டைப் பைக்குப் போனது. மூடியில் மூன்று தட்டு. ஒரு சிட்டிகை. டப்பாவைக் கண்ணுக்கு முன்னால் சமமாகத் தெரிந்த இடத்தில் வைத்தார். அது மாதிரிக் கல் இருந்த தட்டு.

என் கையில் இருந்த தராசு மெல்ல அசைந்தது. மேலே நின்ற தட்டு இறங்கி, கீழே கிடந்த தட்டு ஏறி, முள் நட்டநடுவில் வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகாம் நடந்த அன்றைக்கும் அந்த டப்பா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நான் புகையில் குனிந்துகொண்டு, ஒரு கிலோவும் ஒரு பொடி டப்பாவும் சேர்ந்த எடைக்கு ஈயம் ஊற்றி, அதன் மேல் அரசாங்க முத்திரையைக் குத்தியிருக்கிறேன்.

கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்த சார் முள்ளைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் தடவையாகத் தன் டப்பாவைத் தெரிந்தே கையில் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "கல்லைச் சரி பண்ணு" என்றார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது அவர் மேசையில் இருந்தது. அதன் மேல் அந்த டப்பா உட்கார்ந்திருந்ததைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்தேன். ராவுத்தர் வாசலில் குந்தி உட்கார்ந்து, இத்தனை பேர் பார்க்க, கல்லின் அடியிலிருந்து ஈயத்தைச் சுரண்டினேன். "வழக்கு இல்லையா சார்?" என்று ஞானவேல் கேட்டார். "விதிப்படி பார்க்கலாம்" என்றார் சார். ஆய்வறிக்கையில் அவர் எழுதியதை நான்தான் சுத்தப்பிரதி எடுத்தேன். 'நாட்பட்ட தேய்மானத்தின் காரணமாகக் கல்லின் எடை கூடியுள்ளது, சரி செய்யப்பட்டது.' தேய்ந்தால் எப்படி எடை கூடும் என்று மேலே ஒருவரும் கேட்கவில்லை. 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாளிலிருந்து ராவுத்தர் கடையில் கிலோ சரியான கிலோவாயிற்று. வந்தது வினை.

முதலில் கண்டுபிடித்தது பேச்சியம்மா. அவளுக்குக் கிலோ என்றால் இட்லிதான். "கிலோவுக்கு எப்பவும் ஊத்துறதுல ரெண்டு இட்லி கொறையுது" என்று தெருவில் நின்று சொன்னாள். ஆபீசர்கள் வந்தார்கள், கல்லைச் சுரண்டினார்கள், அன்றையிலிருந்து எடை குறைகிறது. இந்த மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட ரத்தினம் நகரில் யாருக்கும் விதிப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை. பாய் லஞ்சம் கொடுத்துக் கல்லைக் குறைத்துக்கொண்டார் என்று ஒருவர் சொன்னார். அவர் வீட்டில் கல்யாணம் வருகிறது, அதற்குத்தான் என்று இன்னொருவர். ஞானவேல் எதுவும் சொல்லவில்லை, கூடுதலாக ஒரு கலர் பல்பு போட்டார்.

மூன்றே வாரத்தில் ராவுத்தர் கடை வெறிச்சோடியது. நான் ஒரு சாயங்காலம் சீனி வாங்கப் போனபோது அவர் தராசைத் துணியால் மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஈயம் சார், கடைய எடுத்துட்டு உத்தமபாளையம் போயிரலாம்னு பாக்குறேன்" என்றார்.

"எதுக்கு பாய்? நாலு நாள்ல மறந்துருவாக."

"ஏவாரம் போனா போகட்டும் சார், எங்கனயும் பண்ணிக்கலாம். நேத்துப் பள்ளிவாசல்ல ஒருத்தர், 'என்ன ராவுத்தரே, கொறச்சுப் போடுறீகளாமே'ன்னு கேட்டுட்டாக. தொழுது முடிச்சு எந்திரிச்ச கையோட கேட்டாக. அந்தப் பேரோட நான் இங்கன ஒக்கார முடியாது." தராசின் மேல் துணியை இழுத்துச் சரி செய்துவிட்டு, "நான் என்ன தப்பு செஞ்சேன்னு எனக்கே வெளங்கல சார். அன்னைக்குப் போட்டதும் சர்க்காரு கிலோ, இன்னைக்குப் போடுறதும் சர்க்காரு கிலோ" என்றார்.

அந்த மனிதரிடம் ஒரே ஒரு சொத்துதான் இருந்தது. முள்ளைப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லிச் சேர்த்த பெயர். அதை நான் ஒரு கரண்டி ஈயத்தில் கெடுத்துவிட்டு, சீனிப் பையோடு அவர் முன்னால் நின்றேன். அன்றும் நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சாந்தியிடம் மட்டும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடக் கெரகமே! முந்தாநாள்தான பாய் மேல மனுன்னு கையெழுத்து வாங்குனாக. நானும் போட்டேன்" என்றாள்.

மனு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ரத்தினம் நகர் பொதுமக்கள் நாற்பது ஐம்பது பேர் கையெழுத்து. மூன்றாவது கையெழுத்து என் வீட்டுக்காரியுடையது. சதாசிவம் சார் மனுவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வேறு வழியில்லாமல், "பெட்டியை எடு" என்றார்.

இரண்டாம் தடவை போனபோது தெருவே கூடியிருந்தது. சார் மாதிரிக் கல்லை வைத்தார், ராவுத்தர் கல்லை வைத்தார். முள் நேராக நின்றது. "பார்த்தீர்களா? சரியான எடை. விதிப்படி குற்றம் எதுவும் இல்லை" என்றார்.

"அது ஒங்க கல்லு, அவரு கல்லு. ரெண்டும் கூட்டுக் களவாணி" என்று பேச்சியம்மா முன்னால் வந்தாள். மடியிலிருந்து நூல் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "இது நீங்க வந்து சொரண்டுறதுக்கு முந்தி பாயி போட்ட ஒரு கிலோ பாசிப்பருப்பு. டப்பாவுக்கடியில கெடந்துச்சு, இன்னும் நூலு பிரிக்கல. இத வச்சுப் பாருங்க."

ராவுத்தரே பொட்டலத்தை வாங்கித் தன் முடிச்சுதான் என்று ஒப்புக்கொண்டு தட்டில் வைத்தார். மறுதட்டில் அவருடைய ஒரு கிலோ கல். பொட்டலத்தின் தட்டு சடக்கென்று கீழே இறங்கியது. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. "பாத்தியளா! அப்ப கிலோவுன்னா எம்புட்டு, இப்ப கிலோவுன்னா எம்புட்டு! ஏன் பாயி, எங்க வகுத்துலயா கைய வச்சீக?" என்றாள் பேச்சியம்மா. அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

ராவுத்தர் தராசைப் பார்த்தபடி நின்றார். பிறகு தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதை அவர் எதற்குச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"சார், டப்பாவைக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

"எந்த டப்பா?" என்றார் சதாசிவம் சார். அவருடைய கை சட்டைப் பையை மூடியது.

"பொடி டப்பா சார்."

"பொடி போடுறதை நான் விட்டாச்சு" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவருக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கைக்குட்டைக்கு இரண்டு கையும் வேண்டும். நான் அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். என் வேலைக்காலத்தில் மேலதிகாரி பையில் கை விட்டது அது ஒரு தடவைதான்.

டப்பாவை ராவுத்தரின் ஒரு கிலோ கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏறி நின்ற தட்டு இறங்கியது. பொட்டலத்தின் தட்டு ஏறியது. முள் நட்டநடுவில் வந்து நின்றது.

"பாய் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "முகாம்ல ஈயம் ஊத்துனது நான். மாதிரிக் கல்லுப் பக்கத்துல இந்த டப்பா இருந்தத நான் கவனிக்கல. கல்லு கூடிப் போச்சு. இத்தன வருசமா அவரு ஒங்களுக்குக் கூடத்தான் போட்டிருக்காரு. இப்பப் போடுறது சரியான கிலோ. போன தடவையே எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டுச் சொல்லல."

டப்பாவை அங்கே வைத்தவர் யார் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேசியவள் பேச்சியம்மாதான். "அப்ப இத்தன வருசமா நான் கூட ஊத்துன ரெண்டு இட்லி, இந்த சாரு டப்பாவா?" கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ராவுத்தரிடம் போய், "பாயி, நாக்கு அழுகிப்போகும் எனக்கு. ஒங்களப் போயிப் பேசிட்டேனே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "விடு ஆத்தா, முள்ளத்தான பாத்துச் சொன்ன" என்றார் ராவுத்தர். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

சரி, இத்தோடு கலைந்து போவார்கள் என்று நினைத்துப் பெட்டியைக் கட்டினேன். டப்பாவை எடுக்கத் தட்டுப் பக்கம் கையை நீட்டினேன்.

"ஏலே, அத எதுக்கு எடுக்குற?" என்றது பின்னால் ஒரு குரல். என்னை விட இளையவன், பஸ் கண்டக்டர். "இருக்கட்டும் சார்" என்று அடுத்த நொடியே திருத்திக்கொண்டான். "ஆமா, அது அங்கனயே இருக்கட்டும்" என்றார்கள் நாலைந்து பேர். "பாயி, எனக்கு அஞ்சு கிலோ அரிசி. டப்பாவோட போடுங்க" என்று பேச்சியம்மா சாக்கை விரித்தாள்.

ராவுத்தர் திகைத்துப்போய்ச் சதாசிவம் சாரைப் பார்த்தார். "சட்டப்படி ஆகுமா சார்?"

சார் மூக்கைத் துடைத்துக்கொண்டு விதிப் புத்தகத்தைப் பாலிதீன் உறையிலிருந்து எடுத்தார். அவர் அதைத் திறந்து நான் பார்த்தது அன்றுதான். பக்கம் பக்கமாகப் புரட்டினார். தெருவே காத்திருந்தது. கடைசியில் புத்தகத்தை மூடி, "கல் சரியாக இருக்கிறது. கூடுதலாகக் கொடுப்பதாகக் கடைக்காரர் சொல்லியே கொடுக்கிறார். டப்பா எடைக்கல் அல்ல. ஆகவே அதற்கு முத்திரை தேவையில்லை" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே முடிவான பதில் அது. டப்பாவைக் கேட்காமலேயே ஜீப்பில் ஏறிவிட்டார்.

எனக்கு மெமோ வரும் என்று பல நாள் காத்திருந்தேன். வரவில்லை. மெமோ கொடுத்தால் அதில் டப்பா என்று எழுத வேண்டும். என் பதவி உயர்வுக் கோப்பை மட்டும் 'விதிப்படி பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைத்தார். அவர் மாற்றலாகிப் போன பிறகு அந்தக் கோப்பையே காணவில்லை. 2010-ல் நான் பெட்டி தூக்குகிறவனாகவே ஓய்வு பெற்றேன். சாந்திக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கும் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ராவுத்தர் உத்தமபாளையம் போகவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் புது ஆய்வாளரோடு ரத்தினம் நகருக்குக் கடைசி முறையாகப் போனேன். ராவுத்தர் கடையில் எலக்ட்ரானிக் தராசு வந்திருந்தது. ஆய்வாளர் சோதித்தார். அச்சுப் பிசகாமல் சரி. முத்திரை வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். நான் பின்தங்கி ஒரு கிலோ சீனி கேட்டேன்.

ராவுத்தர் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து தாமரைப்பூ போட்ட டப்பாவை எடுத்தார். பொடிக்குப் பதிலாக அரிசி நிரப்பியிருந்தது. அதை மெஷின் மேல் வைத்தார். பொத்தானை அமுக்கிப் பூஜ்யமாக்கினார். டப்பாவைத் தூக்கி ஓரமாக வைத்ததும் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. அதன் மேல் சீனியைக் கொட்டினார். சரியாக ஒரு கிலோ காட்டியதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழைய பழக்கத்தில், "முள்ளப் பாருங்க சார்" என்றார். முள் எங்கே இருக்கிறது, சிவப்பு எண்தான் எரிந்தது.

"பாய், இது கூட இருக்குமே" என்றேன்.

"ஆமா சார். இங்கன கிலோவுன்னா இம்புட்டுதான்" என்றார்.

போன் செய்த தம்பிக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீங்கள் ரத்தினம் நகர் போனால் அந்தக் கடை மெஷினைத் தாராளமாகச் சோதியுங்கள், சரியாக இருக்கும். பக்கத்தில் ஒரு பித்தளை டப்பா இருக்கும். அதற்கு முத்திரை தேவையில்லை என்று உங்கள் அலுவலகத்து ஆய்வாளரே ஒருவர் விதிப்படி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை எடுத்து வைக்கச் சொன்னீர்கள் என்றால் பேச்சியம்மா உங்கள் மேல் மனு எழுதுவாள். மூன்றாவது கையெழுத்து என் வீட்டுக்காரி போடுவாள். இந்தத் தடவை நாலாவதாக நானும் போடுவேன்.